தூர் மலையின் குளிரும் மத்யன் ஒப்பந்தமும்



திருக்குர்ஆனில் பெயர் சுட்டப்படும் மலைகள் சிலவே. அவற்றுள் தூர் மலைக்குத் தனிச் சிறப்பு உண்டு. 52ஆம் அத்தியாயம் அதன் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடமான ‘வத்தீனி’ சூராவில் (95) அல்லாஹ் அம்மலையின்மீது சத்தியம் செய்கிறான். எண்ணெய் தரும் மரம் அங்கே முளைப்பதை மற்றோரிடத்தில் (23:20) எடுத்துரைக்கிறான். மூஸா (அலை) அவர்கள் தம் இறைவனுடன் உரையாடும் பேற்றைப் பெற்றது அம்மலையில்தான்.

ஆயினும் மூஸா (அலை) அவர்கள் எந்த வழியாக, எந்த நிலையில் அந்த மலையடிக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒப்புக்கொண்ட கூலிவேலையை முழுமையாக முடித்துவிட்டு, குடும்பத்தை அழைத்துக்கொண்டு, குளிரில் வழி தேடிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியாகவே அவர்கள் வந்தார்கள். 2019 பிப்ரவரியில் அந்த மலையைக் காணும் வாய்ப்பை அல்லாஹ் எனக்குத் தந்தான். அப்போது என் வீட்டில் ஒரு வேலை குறித்த கேள்வி தீராமல் இருந்தது. அந்த வரலாறு அதற்கு எவ்வாறு வழிகாட்டியது என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் இருந்த கேள்வி

நாங்கள் திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டத்திலுள்ள குண்டடத்தைச் சேர்ந்தவர்கள். மழை குறைந்த ஊர். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளரும்; அங்கே ஆடு மாடு மேயும். என் நன்னா ஆட்டு வியாபாரி. என் தலைமுறையில் காலை இருட்டிலேயே கம்பெனி வேனில் ஏறிப் பனியன் வேலைக்குச் செல்பவர்களாக நாங்கள் மாறிவிட்டோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன்.

என் மூத்த மகன் படிப்பு முடிந்ததும் 2016 டிசம்பரில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தான். 40 தையல் எந்திரங்கள் கொண்ட இடம். பேட்டர்ன் வரைவதிலிருந்து கணினியில் மார்க்கர் போடுவதுவரை அந்த முதலாளியே அருகில் அமர்த்திக் கற்றுக்கொடுத்தார். மூன்று ஆண்டுகள் அவரிடமே வேலை செய்ய வேண்டும். முதல் ஆண்டு முடிந்ததும் மாதச் சம்பளத்தில் 2,000 ரூபாய் கூட்டித் தருவார். இவ்வளவே பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. சாட்சியாக நான் அமர்ந்திருந்தேன்.

நாங்கள் பயணம் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பெரிய கம்பெனி என் மகனை அழைத்தது. மாதம் 6,000 ரூபாய் கூடுதல். ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும். பேசிய தவணையிலோ இன்னும் பத்து மாதங்கள் மீதம் இருந்தன. உறவினர் அனைவரும், “எழுதிக் கொடுத்தாயா என்ன, போய்ச் சேர்” என்றனர். முதலாளியும் சம்பளத்தைக் கூட்டித் தரவில்லை. கேட்டபோதெல்லாம் “அடுத்த ஷிப்மென்ட் போகட்டும்” என்று தள்ளிக்கொண்டே வந்தார். பதினான்கு மாதங்கள் அவ்வாறே கழிந்திருந்தன.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் கணினியில் மார்க்கர் போடத் தெரிந்தவன் என் மகன் ஒருவனே. அவன் திடீரென்று விலகினால் கட்டிங் நிற்கும். கட்டிங் நின்றால் தையல் நிற்கும். குறித்த நாளில் சரக்கு கப்பலேறாவிட்டால் விமானத்தில் அனுப்ப நேரும். அந்தச் செலவு முதலாளியின் தலையில் விழும். 40 எந்திரக் கம்பெனியால் அத்தகைய ஒரு செலவைத் தாங்குவது அரிது. அங்கே சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பங்களின் முகங்கள் எனக்குத் தெரியும். சாட்சியாக இருந்தவன் என்ற முறையில் என்ன சொல்வதென்று எனக்கு விளங்கவில்லை. “திரும்பி வந்து முடிவு செய்வோம்” என்று சொல்லி, மகனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மலைக்குப் போவது வணக்கமா?

நான்கு ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் சென்ற பயணம் அது. ஜோர்தான் வழியாக பைத்துல் முகத்தஸ், அங்கிருந்து தாபா எல்லை கடந்து சினாய், பிறகு கெய்ரோ. தமிழகத்திலிருந்து சென்ற எங்கள் குழுவில் 32 பேர் இருந்தோம். உடன் வந்த ஹஜ்ரத், தாபாவைக் கடந்து பேருந்து பாலைவனத்துக்குள் நுழைந்ததும் ஒலிபெருக்கியை வாங்கி ஒரு செய்தியை நினைவூட்டினார்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் தூர் மலைக்குச் சென்று திரும்பும் வழியில் பஸ்ரா இப்னு அபீ பஸ்ரா அல்கிஃபாரீ (ரலி) அவர்களைச் சந்தித்தார்கள். புறப்படுமுன் தம்மைச் சந்தித்திருந்தால் இந்தப் பயணம் நடந்திருக்காது என்று அவர்கள் கூறி, மூன்று பள்ளிவாசல்களை நாடியே தவிர வாகனங்களைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்தலாகாது என்னும் நபிமொழியை எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. “நாம் நாடி வந்தது பைத்துல் முகத்தஸை. இந்த மலை நம் வழியில் இருக்கிறது. இங்கே ஏறுவதற்குத் தனி நன்மை உண்டென்று எவரும் எண்ண வேண்டாம். படிப்பினைக்காக ஏறுங்கள், முடியாதவர்கள் அறையிலேயே ஓய்வெடுங்கள்” என்றார். முழங்கால் வலியோடு வந்திருந்த முதியவர்கள் பலர் அதைக் கேட்டு நிம்மதி அடைந்தனர். மலையேறப் புறப்பட்டவர்கள் பதினெட்டுப் பேர் மட்டுமே.

இன்று ஜபல் மூஸா என்று அழைக்கப்படும் மலை 2,285 மீட்டர் உயரமுடையது. நம் ஊட்டியைவிடச் சற்று உயரம். திருக்குர்ஆன் தூர் மலையின் இருப்பிடத்தை வரைபடம்போல் குறித்துக் காட்டவில்லை. நெடுங்கால மரபு இந்த மலையையே சுட்டுகிறது. இதன் அடிவாரத்தில் புனித கேத்தரின் மடாலயம் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டுவித்தது. 2002இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இப்பகுதி சேர்க்கப்பட்டது. அந்தக் கிறிஸ்தவ மடாலயத்தின் மதிலுக்குள் ஃபாத்திமிய ஆட்சிக் காலத்துப் பள்ளிவாசல் ஒன்றும் உண்டு.

இரவு ஏற்றம்

இரவு ஒன்றரை மணிக்கு மலையடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்டனர். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. எங்களுக்கு வாய்த்தவர் ஜபாலிய்யா குலத்தைச் சேர்ந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க பதவி அரபி. மடாலயத்தைக் காப்பதற்காக ஜஸ்டினியன் அனுப்பிய மக்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அக்குலத்தாரின் மரபுச் செய்தி. பின்னர் அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினர். இன்றும் மடாலயத் தோட்ட வேலையும் மலை வழிகாட்டலும் அவர்கள் கையில் இருக்கின்றன.

ஹஜ்ரத் அரபியில் கேட்க, அவர் தம் தொழிலைப் பற்றிச் சொன்னார். தமக்குள் முறை வைத்து ஏறுகிறார்களாம். இன்று இவர் முறை. இனி மீண்டும் முறை வர நாளாகும். “அடுத்தவன் முறையில் நான் ஏறினால் அந்தக் காசு என் பிள்ளைகளுக்கு ஆகாது” என்றாராம். ஹஜ்ரத் மொழிபெயர்த்துச் சொன்னதும் என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

19ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா அமைத்த ஒட்டகப் பாதை வழியே ஏறினோம். இருட்டில் கைவிளக்கு வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் கல், வேறொன்றும் இல்லை. குண்டடத்தின் வறட்சியில் வளர்ந்த எனக்கே அந்த வெறுமை புதிது. எங்கள் கொறங்காட்டில் கோடையிலும் வேலியோரத்தில் ஏதேனும் ஒரு பச்சை இருக்கும். அங்கே அதுவும் இல்லை.

பாதையோரத்தில் பதவிகள் நடத்தும் சிறு தேநீர்க் குடில்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் அமர்ந்தோம். குளிர் எலும்பில் ஏறியிருந்தது. இரண்டு சட்டை, கம்பளி, குல்லா எல்லாம் அணிந்தும் விரல்கள் மரத்துப்போயின. குடிலின் நடுவில் எரிந்த அடுப்பை நோக்கிப் பதினெட்டுப் பேரும் கைகளை நீட்டினோம். அப்போதுதான் அல்கஸஸ் அத்தியாயத்தின் ஒரு வசனம் (28:29) எனக்கு விளங்கியது. மூஸா (அலை) அவர்கள் தூர் மலைப் பக்கம் ஒரு நெருப்பைக் கண்டு, குடும்பத்தாரை அங்கேயே தங்கச் சொல்லி, அவர்கள் குளிர்காய ஒரு கொள்ளியேனும் எடுத்து வரலாம் என்று புறப்பட்டார்கள். எத்தனையோ முறை ஓதிய வசனம். குளிர்காய்வது என்ற சொல்லின் கனம் அந்த அடுப்பருகில்தான் எனக்குப் புலப்பட்டது.

தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடியே என் மகன் மெல்லக் கேட்டான். “அத்தா, அவர் சொன்ன சொல்லை அவரே காப்பாற்றவில்லை. நான் மட்டும் ஏன் காப்பாற்ற வேண்டும்?”

நியாயமான கேள்வி. “மேலே போய்ப் பேசுவோம்” என்றேன்.

சிகரத்தில் சுபுஹு

ஒட்டகப் பாதை முடிந்தபின் சிகரத்துக்கு ஏறத்தாழ 750 கற்படிகள். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். சிகரத்தில் 1934இல் கட்டப்பட்ட ஒரு சிறு தேவாலயமும், அதன் அருகில் ஒரு சிறு பள்ளிவாசலும் உள்ளன. பள்ளிவாசலில் எங்கள் எல்லோருக்கும் இடம் போதாததால் பாறை மீதே ஜமாஅத்தாக நின்று சுபுஹுத் தொழுதோம்.

நம் ஊரில் கிப்லா மேற்கே இருப்பதால் சுபுஹுத் தொழும்போது விடியல் நம் முதுகுக்குப் பின்னால் நிகழும். சினாயிலிருந்து மக்கா தென்கிழக்கே உள்ளது. எங்கள் இடக்கண்ணின் ஓரத்தில் வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஸலாம் கொடுத்தபோது சுற்றியிருந்த மலைகளின் உருவம் தெரிந்தது. கதிர் பட்டதும் பாறைகள் செம்மண் நிறம் கொண்டன. அவை பெரும்பாலும் கிரானைட் பாறைகள்; ஏறத்தாழ 60 கோடி ஆண்டு பழமையானவை என்று நிலவியலாளர் கணிக்கின்றனர். பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகிய கல். எங்கள் ஊர்க் கிணறுகளுக்குப் பாறை வெடிப்பவர்களிடம் கேட்டால் அந்தக் கல்லின் உறுதியைச் சொல்வார்கள். இறைவன் தன்னை வெளிப்படுத்தியபோது மலை நொறுங்கித் தூளாகியது, மூஸா (அலை) அவர்கள் மூர்ச்சித்து விழுந்தார்கள் என்னும் வசனத்தை (7:143) ஹஜ்ரத் ஓதியபோது எவரும் பேசவில்லை.

பிறகு அவர் பேசிய கால்மணி நேரத்தையே இங்கே சுருக்கித் தருகிறேன்.

மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி மத்யனை அடைந்தபோது கையில் ஒன்றுமில்லை. நீர்த்துறையில் இரண்டு பெண்கள் தம் ஆடுகளோடு ஒதுங்கி நிற்பதைக் கண்டு, கூலி பேசாமல் நீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களுள் ஒருவர், வலிமையும் நம்பகமும் உடையவரே வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று தந்தையிடம் பரிந்துரைத்தார் (28:26). தந்தை தம் மகள்களுள் ஒருவரை மணமுடித்துத் தருவதாகக் கூறினார். எட்டு ஆண்டுகள் வேலை செய்வது கடமை, பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்று வரையறுத்தார். தாம் அவருக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்றும், தம்மை நல்லவராகவே காண்பார் என்றும் உறுதி அளித்தார் (28:27). எழுத்து இல்லை. அல்லாஹ்வையே பொறுப்புச் சாட்சியாக்கி மூஸா (அலை) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் (28:28).

இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினார்கள் என்று பின்னாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நீண்டதும் சிறந்ததுமான தவணையையே என்று பதிலளித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. திருக்குர்ஆனும் மூஸா (அலை) தவணையை நிறைவு செய்து குடும்பத்தோடு புறப்பட்டதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே நெருப்பைக் கண்டதைச் சொல்கிறது. அங்கே அல்லாஹ் அவர்களின் வலக்கையில் இருப்பது என்ன என்று வினவுகிறான். அது தம் கைத்தடி, அதில் ஊன்றிக்கொள்வேன், அதனால் ஆடுகளுக்கு இலை உதிர்ப்பேன் என்று ஓர் ஆட்டிடையரின் மறுமொழியையே அவர்கள் அளிக்கிறார்கள் (20:17, 18). எங்கள் கொறங்காட்டில் தொரட்டியால் வெள்வேல நெற்றுகளை உலுக்கி ஆடுகளுக்குப் போடும் முதியவர்கள் என் நினைவுக்கு வந்தனர். வேலைக்காரரின் அந்தக் கருவியையே அல்லாஹ் அற்புதமாக ஆக்கினான்.

ஹஜ்ரத் முடித்ததும் என் மகன் தன் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டான். அவர் சற்று யோசித்தார்.

“மத்யன் ஒப்பந்தத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு, தம்பி. வேலைக்காரர் தவணையை முடித்தார். முதலாளி சிரமப்படுத்த மாட்டேன் என்று முதலிலேயே சொன்னார். நாம் ஒரு பக்கத்தை மட்டும் பயான் செய்கிறோம். உன் முதலாளி உனக்குத் தர வேண்டியது உன் உரிமை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைத் தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே அவர் எதிரில் அமர்ந்து, கணக்கைச் சொல்லிக் கேள். மறுத்தால் முன்னறிவிப்புக் கொடுத்து விலகு. குற்றம் உன்மேல் இல்லை. தந்தால் உன் தவணையை முடி. கேட்காமலே போவது மட்டும் வேண்டாம்.”

அவர் முதலாளியின் பக்கத்தையும் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனெனில், ‘தவணையை முடி’ என்ற சொல் நம் பகுதியில் ஏழைகளுக்கு எதிராகவும் பயன்பட்டிருக்கிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களைச் சேர்த்து, பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகே திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். நோயாலோ கடும் வேலையாலோ இடையில் விலகிய பெண்கள் பலர் அத்தொகை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினர். அதுவும் ஒரு தவணைதான். ஆனால் சிரமப்படுத்த மாட்டேன் என்ற உறுதி அதில் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்கு மத்யனை எவரும் சான்று காட்ட முடியாது.

ஊர் திரும்பிய பின்

ஊர் வந்த மூன்றாம் நாள் என் மகன் முதலாளியிடம் சென்றான். நானும் உடன் போனேன். சாட்சியாக இருந்தவன் அல்லவா. பதினான்கு மாதம், மாதம் 2,000 வீதம் 28,000 ரூபாய் என்று தாளில் எழுதிக் காட்டினான். வெளியிலிருந்து அழைப்பு வந்திருப்பதையும் மறைக்கவில்லை. முதலாளியின் முகம் வாடியது. நெடுநேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, அந்த மாதத்திலிருந்தே சம்பளத்தைக் கூட்டித் தருவதாகவும், பாக்கியை நான்கு தவணைகளில் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார். என் மகன் பெரிய கம்பெனிக்கு மறுப்புச் சொன்னான்.

அதன்பிறகு எல்லாம் இனிதாக நடந்ததென்று சொல்ல மாட்டேன். சில உறவினர் அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்றனர். 2019 டிசம்பரில் மூன்று ஆண்டுகள் நிறைந்தன. அதற்குள் இரண்டு பையன்களுக்கு மார்க்கர் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகினான். பெரிய கம்பெனியின் இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. வேறொரு கம்பெனியில் 2020 பிப்ரவரியில் சேர்ந்தான். அங்கே கூடுதலாகக் கிடைத்தது 3,000 ரூபாய்தான். மறுமாதமே ஊரடங்கு வந்தது. பழைய முதலாளி மூன்று தவணைகளைக் கொடுத்திருந்தார்; நான்காம் தவணை 7,000 ரூபாய் ஊரடங்கு தளர்ந்த பின்பே வந்தது. ஆனால் வந்தது. அதை நாங்கள் கேட்டனுப்பவில்லை.

கணக்குப் போட்டால் என் மகனுக்கு நட்டமே. எனினும் அவன் யாரைக் கண்டும் ஒதுங்கிப் போக வேண்டிய நிலை இல்லை. பழைய கம்பெனியில் வேலை செய்த எவரையும் சந்தையிலோ பள்ளிவாசல் வாசலிலோ நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறான். ஒரு தந்தையாக எனக்கு இது பெரிய செல்வம், அல்ஹம்துலில்லாஹ்.

சகோதர சகோதரிகளே, நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று பனியன் கம்பெனிகளிலும் கடைகளிலும் வளைகுடா நாடுகளிலும் வாய்ச்சொல்லை நம்பியோ காகிதத்தில் கையெழுத்திட்டோ வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லும்போது கடல் பிளந்ததையும் கைத்தடி பாம்பானதையும் சொல்கிறோம். அவற்றோடு மத்யனில் கழிந்த அந்த ஆண்டுகளையும் சொல்லுங்கள். நம்மிடையே முதலாளிகளாக இருப்பவர்கள், வேலைக்கு ஆள் சேர்க்கும்போது மத்யன் முதியவர் கூறியதை நினைவில் வையுங்கள்; கூட்டித் தருவதாகச் சொன்னதைக் கேட்குமுன் கொடுங்கள். வேலையில் இருப்பவர்கள் உரிமையைக் கேட்கத் தயங்காதீர்கள், சொல்லாமல் விலகாதீர்கள். பெற்றோர் பேச்சுவார்த்தையின்போது உடன் இருங்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடனுக்கு எழுதிக்கொள்ளும்படி கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது (2:282).

யா அல்லாஹ், எங்கள் உழைப்பிலும் எங்கள் கூலியிலும் பரக்கத் செய்வாயாக. கொடுத்த சொல்லைக் காப்பவர்களாக எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் ஆக்குவாயாக. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கொடுக்கும் கைகளை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.